ஓடையோரக் கிராவல் குவாரி: 3 மீட்டரா, 6 மீட்டரா?

கிராவல் குவாரித் திட்டத்தில் முதலில் எழும் கேள்வி, எவ்வளவு ஆழம் போகலாம் என்பதுதான். ஆழத்தை இரண்டு மடங்காக்கினால் கிராவலும் இரண்டு மடங்கு என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். பக்கத்தில் ஓடை இருந்தால் அந்தக் கணக்கு நிற்காது. ஒரே நிலத்தில் இரண்டு வழிகளையும் வைத்துப் பார்த்தால் இது புரியும்.

எடுத்துக்காட்டுக்கு, ஓடையை ஒட்டி 200 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலமுள்ள 2 ஹெக்டேர் நிலம். தமிழ்நாட்டில் சுரங்கத் திட்டம் போடும்போது ஓடைக்கு 50 மீட்டரும் பக்கத்துப் பட்டாவுக்கு 7.5 மீட்டரும் விடுவது வழக்கம். மற்ற மூன்று பக்கமும் பட்டா என்றால், வெட்டக் கிடைப்பது 185 × 42.5 மீட்டர். முதல் வழி, 3 மீட்டரோடு நிறுத்தி மேய்ச்சல் நிலமாக்குவது. இரண்டாவது, 6 மீட்டர் இறங்கிக் குளமாக விடுவது.

கிராவலில் பெஞ்ச் (படிபடியாக வெட்டும் தட்டு) உயரம் 1.5 மீட்டரைத் தாண்டக் கூடாது, அகலம் உயரத்துக்குக் குறையக் கூடாது என்பது 1961-ஆம் ஆண்டு உலோகச் சுரங்க விதிமுறை சொல்லும் அளவு. அப்படி வெட்டினால், மேல்மண்ணையும் சேர்த்து 3 மீட்டரில் சுமார் 22,600 கன மீட்டர், 6 மீட்டரில் 41,200 கன மீட்டர். காகிதத்தில் ஆழம்தான் ஜெயிக்கிறது.

ஆனால் பெஞ்ச் என்பது வேலை நடக்கும்போது மட்டும் இருக்கும் வடிவம். குவாரியை மூடும்போது ஆடுமாடு ஏறி இறங்கவும், புல் பிடிக்கவும், கரை சரியாமல் நிற்கவும் 1-க்கு 3 சரிவு, அதாவது 1 மீட்டர் ஆழத்துக்கு 3 மீட்டர் கிடைத்தூரம், வேண்டும். 3 மீட்டர் ஆழத்துக்கு அது இரு பக்கமும் 9 மீட்டர் தின்னும், தரை 24.5 மீட்டர் அகலம் மிஞ்சும். 6 மீட்டருக்கு இரு பக்கமும் 18 மீட்டர் போய், 42.5-இல் மிஞ்சுவது வெறும் 6.5 மீட்டர். அந்தச் சரிவை வெட்டாமலே விட்டுக் கணக்கிட்டால், முதல் வழியில் 17,800, இரண்டாவதில் 25,200 கன மீட்டர். காகிதத்தில் 18,600 ஆகத் தெரிந்த கூடுதல் லாபம் 7,400-க்கு வந்துவிடுகிறது. சரிவை விடாமல் செங்குத்தாக வெட்டிவிட்டுப் போவதால்தான் ஆழமான குழி லாபமாகத் தெரிகிறது. அந்த மாதிரிக் குழியில் தண்ணீர் நின்றால், உள்ளே விழுந்த பிள்ளையோ கன்றுக்குட்டியோ கரையேற வழியே இல்லை. இதை எந்த விலைக்கும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

அடுத்தது நீர்மட்டம். மே மாதம் கிணற்றைப் பார்த்து 'தண்ணீர் 7 மீட்டரில்' என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. வடகிழக்குப் பருவமழை முடியும் டிசம்பரில் அதே இடத்தில் 4 மீட்டரிலேயே நிற்கலாம். திட்டத்துக்கு டிசம்பர் மட்டம்தான் அளவுகோல். குழியின் தரை அதற்கு 1 மீட்டராவது மேலே இருக்க வேண்டும். ஓடைப் படுகையின் மட்டத்தையும் லெவல் எடுத்து அதே வரைபடத்தில் குறிக்க வேண்டும்.

நீர்மட்டத்துக்குக் கீழே போனால் என்ன ஆகும்? மண்ணுக்குள் நீர்மட்டம் ஓடையோடு சேர்ந்து சாய்ந்திருக்கும். குழியில் நிற்கும் தண்ணீருக்குச் சாய்வு கிடையாது. ஓடைச் சரிவு 200-க்கு 1 என்றால், 185 மீட்டர் நீளக் குழியின் மேல்கோடியில் நீர்மட்டம் அரை மீட்டர் அளவுக்கு இறங்கும், கீழ்க்கோடியில் அதே அளவு ஏறும். மேல்பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் இறங்கும். கீழ்க்கரையில் ஊற்றெடுத்து மண் அரிக்கும். பெருவெள்ளத்தில் கரை உடைந்தால் ஓடையே குழிக்குள் திரும்பும், அதன் படுகை மேல்நோக்கி அரித்துக்கொண்டே போய்த் தடுப்பணை, பாலங்களின் அடித்தளத்தைத் தொடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஈஸ்ட் ஃபோர்க் லூயிஸ் ஆறு 1996 வெள்ளத்தில் இப்படித்தான் கரையோரச் சரளைக் குழிகளுக்குள் புகுந்து, பழைய தடத்தை விட்டு விலகியது.

குளம் கூடவே கூடாது என்பதல்ல. வெட்டும் பரப்பு 80 மீட்டருக்குக் குறையாத அகலம், எல்லாக் கரையும் 1-க்கு 3, கீழ்க்கோடியில் மிகைநீர் வழியக் கல் பதித்த கலிங்கு, நீரைப் பயன்படுத்த ஊரில் ஆள். இத்தனையும் இருந்தால் யோசிக்கலாம். மூன்றாவதாக, ஆழமாக வெட்டிவிட்டு வெளியிலிருந்து கொண்டுவந்து நிரப்பலாம் என்பார்கள். வருவது பெரும்பாலும் கட்டட இடிபாடும் குப்பையும்தான். அதன் சாறு ஓடையில் இறங்கும். இதைத் தொடவே வேண்டாம்.

வெட்டும் முறையிலும் இரண்டு வழி உண்டு: மொத்தப் பரப்பையும் ஒரேயடியாகத் திறப்பது, பட்டை பட்டையாகப் போவது. இதைத் தீர்மானிப்பது மேல்மண். 30 செ.மீ. கனத்துக்கு வாரினால் 2,360 கன மீட்டர். உதிர்ந்தபின் 2,800-ஐத் தாண்டும். ஓடைப்பக்க 50 மீட்டரில் கொட்டினால் முதல் வெள்ளத்தில் போய்விடும். எதிர்ப்பக்க 7.5 மீட்டரில் 6 மீட்டர் அடி, 3 மீட்டர் மேல், 1.5 மீட்டர் உயரத்தில் வரப்பாகக் குவித்தால் 1,250 கன மீட்டருக்குத்தான் இடம். மொத்தமாகத் திறந்தால் மிச்ச மேல்மண் கிராவலோடு டிப்பர் ஏறிவிடும், அதன்பின் புல்லுக்கு வழியில்லை. நான்கு பட்டையாகப் பிரித்தால் ஒரு பட்டைக்கு 700 கன மீட்டர்தான். முதல் பட்டையின் மண்ணைக் குவித்து வைத்து, இரண்டாவதன் மண்ணை நேராக முதல் பட்டையில் பரப்பலாம்; குவித்தது கடைசிப் பட்டைக்கு.

ஓடையின் கீழ்ப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள், தண்ணீர் தானாக வடியும். ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. பெய்தால் இந்தப் பரப்பில் சேர்வது 390 கன மீட்டர். அவ்வளவும் கொள்ளும் வண்டல் குழியைக் கீழ்மூலையில், குழிக்குள்ளேயே வெட்டி வைத்தால் மண் கலங்கிய நீர் ஓடைக்குப் போகாது.

வெட்டி முடித்த நிலத்தில் திரும்பப் புல் வளர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 8 அன்று உத்தரவிட்டிருக்கிறது. டிப்பர் ஓடி இறுகிய தரையில் அப்படியே மண்ணைப் பரப்பினால் வேர் இறங்காது. முதலில் உளிக்கலப்பையால் 40 செ.மீ. ஆழம் கீறி, பிறகு மேல்மண்ணைப் பரப்பி, செப்டம்பரில் கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசால் என்ற தீவனச் செடியும் விதைத்தால் பருவமழையில் பிடித்துக்கொள்ளும். ஓடைப்பக்க மர வரிசைக்குப் பனையும் புங்கனும் போதும். முதல் இரண்டு ஆண்டு முளைக்கும் சீமைக்கருவேலங் கன்றுகளை வேரோடு பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மழைக்காலம் விட்டாலும் பிறகு பொக்லைன்தான் வர வேண்டியிருக்கும்.