ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பந்து? சூலூர் பக்கத்து டென்னிஸ் கோச்சிங் பற்றி

என் மகள் பத்தாம் வகுப்பு. ஒன்பது மாதமாகக் கோயமுத்தூர் பக்கம் சூலூர் தாண்டித் தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கும் இரண்டு மண் தரை கோர்ட்டில் டென்னிஸ் பழகுகிறாள். பெயர் போட வேண்டாம் என்று மாஸ்டரே கேட்டுக்கொண்டார், பதினாறு பிள்ளைகளுக்கு மேல் அவர் சேர்ப்பதில்லை. அந்தப் பக்கம் டென்னிஸ் ஆடுகிறவர்களைக் கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள்.

இதற்கு முன்னால் ஒன்றரை வருடம் வேறொரு இடத்தில் சேர்த்திருந்தோம். கோர்ட் பளபளவென்று இருக்கும், டீ-ஷர்ட் கொடுப்பார்கள், சான்றிதழும் உண்டு. ஆனால் ஒரு கோர்ட்டுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். சார் கூடையிலிருந்து பந்தை எடுத்துப் போடப் போட ஆளுக்கு இரண்டு அடித்துவிட்டு வரிசையின் கடைசிக்கு ஓட வேண்டும். ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து எண்ணினேன், ஒரு மணி நேரத்தில் என் மகள் அடித்தது 58 பந்து, அதில் ஒன்றுகூட சர்வ் (பாயிண்டைத் தொடங்கி வைக்கிற அடி) இல்லை. அந்த வருடம் பள்ளிகளுக்கான மாவட்டப் போட்டியில் 17 வயதுக்குட்பட்டோர் பிரிவில் முதல் ஆட்டத்திலேயே தோற்றாள், முதல் சர்வும் தவறி, அடுத்த வாய்ப்பான செகண்ட் சர்வும் தவறிப் பாயிண்ட் போகிற டபுள் ஃபால்ட் மட்டும் பதினொன்று. அவளுடைய ஃபோர்ஹேண்ட், அதாவது உள்ளங்கைப் பக்கமாக வீசி அடிக்கிற அடி, பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும், அன்றைக்கு அதை அடிக்கவே வாய்ப்பு வரவில்லை. வீட்டுக்கு வரும் வரை வண்டியில் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது இன்னும் மறக்கவில்லை.

இங்கே வந்த முதல் நாள் மாஸ்டர் ஃபோர்ஹேண்டைப் பார்க்கவே இல்லை. "அம்மிணி, செகண்ட் சர்வ் பத்துப் போடு" என்றார். மூன்று உள்ளே விழுந்தது. உடனே பிடியை மாற்றச் சொன்னார். அதுவரை அவள் ஃபோர்ஹேண்ட் பிடியிலேயே சர்வைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தப் பிடியில் பந்துக்குச் சரியான சுழற்சி கொடுக்க முடியாது, வேகமாக அடித்தால் வெளியே போகும், மெதுவாக அடித்தால் எதிரில் நிற்கிறவள் உள்ளே வந்து சாத்திவிடுவாள். ஆணி அடிக்கச் சுத்தியலைப் பிடிப்பது போலப் பிடித்து, கீழிருந்து மேலாகப் பந்தைச் சீவினால் சுழற்சி ஏறும், வலைக்கு மேல் நல்ல உயரத்தில் போகிற பந்துகூட வளைந்து, எதிர்ப்பக்கம் சர்வ் விழ வேண்டிய பெட்டிக்குள் இறங்கும். கான்டினென்டல் பிடி என்பது இதைத்தான். ஒன்றரை வருடம் கட்டணம் கட்டிய இடத்தில் இதை ஒருவரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

பிடி மாற்றிய பிறகு இரண்டு மாதம் எல்லோரிடமும் தோற்றாள், அவளைவிடச் சின்னப் பிள்ளைகளிடமும் தோற்றாள். நான் பயந்துபோய்க் கேட்டதற்கு, "தோக்கட்டுங்க்கா, பரவால்லீங்க. பழைய பிடிக்குப் போகாம இருந்தாப் போதும்" என்றார். அந்த இரண்டு மாதம் பொறுக்க முடிகிற பெற்றோர் மட்டும் இங்கே சேர்க்கலாம் என்று நினைக்கிறேன்.

பயிற்சி எப்படி என்றால், ஒரு கோர்ட்டுக்கு நாலு பேர்தான். முதல் அரை மணி நேரம் கிராஸ்கோர்ட், மூலைக்கு மூலை. கோர்ட்டின் நீளம் 78 அடி, ஒற்றையர் கோட்டில் மூலைக்கு மூலை அளந்தால் 82 அடிக்குக் கொஞ்சம் மேல், வலையும் ஓரத்தில் மூன்றரை அடி என்றால் நடுவில் மூன்று அடிதான். அதனால் குறுக்கே அடிக்கிற பந்துக்கு இடமும் அதிகம், வலையும் தாழ்வு. இதைத் தரையில் குச்சியால் கோடு போட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டினார், எனக்கே அன்றுதான் புரிந்தது. அப்புறம் பாயிண்ட் வைத்து ஆட்டம், அதில் ஒரே சர்வ்தான், தவறினால் பாயிண்ட் போச்சு. கடைசி இருபது நிமிடம் ஆளுக்கு ஒரு கூடைப் பந்து, வெறும் சர்வ். பத்துக்கு ஏழு செகண்ட் சர்வ் உள்ளே விழாமல் ராக்கெட்டைப் பைக்குள் வைக்க விடமாட்டார். இங்கேயும் ஒரு நாள் எண்ண ஆரம்பித்தேன், முந்நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று சூலூர், பல்லடம் பக்கம் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். சாயங்காலம் நாலு மணிக்குத் தூக்கிப் போட்ட பந்து தலைக்கு மேல் நிற்காது. அந்த நாட்களிலும் மாஸ்டர் விடுமுறை விடவில்லை. பந்தைத் தாழ்வாகத் தூக்கிப் போட வேண்டும், கோட்டுக்கு மூன்றடி உள்ளே குறிவைக்க வேண்டும், காற்றை எதிர்த்து ஆடும்போது நன்றாக முழுதாக அடிக்க வேண்டும், காற்று முதுகில் இருந்தால் சுழற்சியைக் கூட்ட வேண்டும். 1, 3, 5 என்று ஒற்றைப்படை கேம் முடியும்போதெல்லாம் பக்கம் மாறுவதால் இரண்டு விதமாகவும் ஆடத் தெரிந்திருக்க வேண்டும். "காத்து அவளுக்கும்தான் அடிக்குது" என்பார். ஆடி மாதம் நடந்த ஒரு போட்டியில் எதிரில் ஆடிய பெண் நல்ல ஆட்டக்காரி, காற்றில் கோபப்பட்டே தோற்றாள். என் மகள் 6-4, 6-3.

சனிக்கிழமை இரட்டையர் மட்டும்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ரோகன் போபண்ணாவோடு இரட்டையரில் சேர்ந்து ஆடிய ஸ்ரீராம் பாலாஜி நம்ம கோயமுத்தூர்க்காரர் என்பதால் பிள்ளைகளுக்கு அதில் தனி ஆசை. வலைக்கு முன்னால் வந்து நிற்கிற பயம் என் மகளுக்கு அதில்தான் போனது.

முழங்கை வலிக்கிறது என்று சொன்னபோது முதலில் ராக்கெட்டை வாங்கிப் பார்த்தார். பெரிய ஆட்டக்காரர்கள் போடுகிறார்கள் என்று நாங்கள் பாலியெஸ்டர் கட் (ராக்கெட்டில் கட்டுகிற நரம்பு) போட்டிருந்தோம். அது விறைப்பானது, சீக்கிரம் இழுவையையும் விட்டுவிடும், அறுந்தால்தான் மாற்றுவோம் என்று விட்டால் கைக்குத்தான் கேடு. சிந்தெடிக் கட் போட்டு இழுவையை 52 பவுண்டுக்கு இறக்கினார், பத்து நாள் சர்வ் வேண்டாம் என்றும் சொன்னார். வலி போய்விட்டது, செலவும் குறைந்தது.

குறைகள் இருக்கின்றன. பெண் பிள்ளைகளுக்கு உடை மாற்ற இடம் இல்லை, கழிப்பறை தோப்புக்காரர் வீட்டில்தான். நான் மூன்று முறை சொல்லிவிட்டேன், இன்னும் ஆகவில்லை, இது பெரிய குறை. விளக்கு இல்லை, அதனால் டிசம்பரில் ஆறு மணிக்கே முடித்துவிடுகிறார்கள். மழை பெய்தால் மண் காய இரண்டு நாள். வார நாட்களில் பந்து பழசு, சனிக்கிழமைதான் புது டப்பா உடைப்பார். மாதம் 2,500 ரூபாய், பந்துக்குத் தனியாக வாங்குவதில்லை.

சேர்க்க நினைப்பவர்கள் ஃபோன் செய்ய வேண்டாம், எடுக்க மாட்டார். காலை ஆறு மணிக்கு நேரில் போங்கள், பிள்ளையையும் ராக்கெட்டோடு கூட்டிக்கொண்டு. முதலில் செகண்ட் சர்வ்தான் போடச் சொல்வார்.