ஹா லாங் கணவாய் மீன் வடை: 700 ரூபாய்க்கும் 1500 ரூபாய்க்கும் நடுவில் என்ன இருக்கிறது?

வியட்நாமின் ஹா லாங் போய் வருகிறவர்கள் எல்லோரும் படகுப் படமாகப் போட்டுத் தள்ளுகிறார்கள், அங்கே என்ன சாப்பிட்டார்கள் என்று மட்டும் வாயைத் திறப்பதில்லை. அந்த ஊர்க்காரர்கள் பெருமைப்படுவது ச்சா முக் என்கிற கணவாய் வடையைத்தான். கணவாயை இடித்து, தட்டி, எண்ணெயில் பொரித்தது, அவ்வளவே. ஆனால் அதே பெயரில் கிலோ 2 லட்சம் டாங்குக்கும் கொடுத்தார்கள், நாலரை லட்சத்துக்கும் கொடுத்தார்கள். நம் காசுக்குச் சுமார் 700 ரூபாயும் 1500 ரூபாயும். சரி, இரண்டையும் பார்த்துவிடுவோம் என்று வாங்கினேன்.

மலிவானது, ஹனோயிலிருந்து வரும் வழியில் பேருந்து நின்ற ஒரு கடையில் கிடைத்தது. பார்க்க அழகோ அழகு, எல்லாம் ஒரே வட்டம், ஒரே பொன்னிறம். கடித்தால் பஞ்சு. கணவாய் வாசனை வருகிறது, ஆனால் கணவாய் பல்லில் தட்டுப்படவே இல்லை. பிய்த்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று ரொட்டி மாதிரி இருந்தது, பாதிக்கு மேல் மாவும் மீன் விழுதும்தான் என்று என் நாக்கு சத்தியம் செய்கிறது.

விலை கூடியதை ஹா லாங் 1 சந்தையில் வாங்கினேன். அங்கே உள்ள வசதி, வடை எப்படி உருவாகிறது என்று நின்று பார்க்கலாம். முக் மாய் என்று அவர்கள் சொல்வது நம் ஓட்டுக்கணவாய் (மாய் என்றாலும் ஓடுதான்). சதை தடியாக இருக்கும். ஓட்டையும் தோலையும் மைப்பையையும் எடுத்துவிட்டு, ஈரம் போகத் துடைத்து, கல்லுரலில் போட்டு இடிக்கிறார்கள். இடிக்க இடிக்கச் சதையே பசையாகி ஒட்டிக்கொள்கிறது, அதனால் மாவு தேவைப்படுவதில்லை. மிளகு, பூண்டு, மீன் சாறு, கொஞ்சம் பன்றிக் கொழுப்பு, சில கடைகளில் சதகுப்பைக் கீரையும் சேரும். பன்றி சாப்பிடாதவர்கள் வாங்குவதற்கு முன் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள், கடல் உணவுதானே என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

எந்திரத்தில் அரைத்தால் எல்லாமே ஒரே கூழாகிவிடும். உரலில் இடித்ததில் அரைகுறையாக நசுங்கிய துண்டுகள் அங்கங்கே மிஞ்சும், கடிக்கும்போது அதுதான் 'நறுக்' என்கிறது. வடிவம் ஒன்றுபோல் இருக்காது, ஓரத்தில் ஒரு துண்டு துருத்திக்கொண்டு நிற்கும், எனக்கு அதுவே நல்ல அடையாளமாகப் பட்டது. சுடச்சுட வெள்ளை ஒட்டரிசிச் சோற்றோடு சாப்பிட்டேன். தொட்டுக்கொள்ளக் கொடுத்த சாற்றை நான் தொடவே இல்லை, மெல்ல மெல்ல கணவாயின் இனிப்பு வந்துகொண்டே இருந்தது. 1500 ரூபாய்க்குத் தகும், சந்தேகமே வேண்டாம்.

நடுவில் மூன்றரை லட்சம் சொன்ன ஒரு கடையும் உண்டு. வாசலில் உரல் இருந்தது, ஆனால் காய்ந்து கிடந்தது! அங்கே வாங்கியதற்குப் பதில் மலிவானதையே இன்னொரு கிலோ வாங்கியிருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சந்தை வடையில், காற்று நீக்கிக் கட்டித் தந்த அரைக் கிலோவை ஹனோய் விடுதிக்கு எடுத்துப் போனேன். மறுநாள் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே கடித்தால் செருப்புத் தோல். விடுதிச் சமையற்கார அக்கா சிரித்துவிட்டு, வாணலியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சிறு தீயில் திருப்பித் திருப்பி வாட்டித் தந்தார், முக்கால்வாசி சுவை திரும்பியது. அதே வாணலியில் மலிவானதையும் போட்டோம். அது எண்ணெயை எல்லாம் குடித்துவிட்டுக் கனத்துப்போனது. அப்புறம் அக்காவே அதை நறுக்கி நூடுல்ஸ் சூப்பில் போட்டார், அதில் மட்டும் நன்றாகத்தான் இருந்தது.