சௌராஸ்தா மாடியில் கிடைத்த கிளிங்கன் அகராதி

பினாங்கு சௌராஸ்தா சந்தை மாடியில் இருக்கும் பழைய புத்தகக் கடை ஒன்றில் 15 வெள்ளிக்கு (ரிங்கிட்) இந்த அகராதியை வாங்கினேன். படிவம் இரண்டில் படிக்கும் என் மகன் ஒரு கற்பனைத் தீவுக்கூட்டம் வரைந்து வைத்திருக்கிறான். அந்த மக்கள் பேச ஒரு மொழி வேண்டுமாம். அவனுக்கென்று வாங்கியது, இப்போது பாதி நாள் என் மேசையில்தான் கிடக்கிறது.

ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடரின் கதைகளில் வரும் கிளிங்கன் இனத்துக்காக மொழியியலாளர் மார்க் ஓக்ராண்ட் கட்டிய மொழி இது. நூல் 1985இல் வந்தது. பெயர்தான் அகராதி, முன்பகுதியில் இருக்கும் இலக்கணம்தான் இதன் உயிர்.

நான் தமிழாசிரியை. அதனால் உள்ளே நுழைந்ததும் பாதி பழகிய வீடு போல இருந்தது. கிளிங்கனில் நம் டகரம் போல ஓர் ஒலி உண்டு. ஆங்கிலக்காரர்களுக்கு அதைப் புரியவைக்க, நாக்கு நுனியை எங்கே வைப்பது என்று நூல் விளக்க வேண்டியிருக்கிறது. மகனைப் 'பாடம்' என்று சொல்லச் சொன்னேன், வேலை முடிந்தது. 'விலெக்லாஹ்பெ' என்றால் 'என்னால் அதைப் பார்க்க முடியவில்லை'. 'வி' என்பது நான்–அதை, 'லெக்' பார், 'லாஹ்' முடியும், 'பெ' இல்லை. நம் வினைச்சொல்லைப் பகுதி, விகுதி என்று பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இது புதிதல்ல.

தடுக்கி விழுந்தது வேறிடத்தில். 'புக் லெக் யாஷ்' என்பதில் புக் குழந்தை, யாஷ் அதிகாரி. "அம்மா, யாரு யாரைப் பாக்குறாங்க?" என்றான். பார்ப்பவர் அதிகாரி. செயப்படுபொருள் முதலில், எழுவாய் கடைசியில். நமக்கு 'ஐ' உருபு இருப்பதால் சொற்களை இடம் மாற்றினாலும் பொருள் கெடாது. இங்கே மாற்றினால் குழந்தை அதிகாரியைப் பார்க்கும். இரண்டாம் வேற்றுமை எவ்வளவு பெரிய வசதி என்று அவனுக்கு அன்றுதான் உறைத்தது. பள்ளியில் நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

குறையும் உண்டு. நூலில் கிளிங்கனை ஆங்கில எழுத்துகளில் எழுதியிருக்கிறார்கள். அதில் பெரிய க்யூ (Q) ஓர் ஒலி, சின்ன க்யூ (q) வேறு ஒலி. கண் பழக ஒரு வாரம் ஆனது. வாங்குவதானால் பிற்சேர்க்கையோடு வந்த 1992 பதிப்பைத் தேடுங்கள். பழைய பிரதி என்றால் கடையிலேயே பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள், என்னுடையதில் நாலு தாள் கழன்று கையோடு வந்துவிட்டது.

கிளிங்கனில் வணக்கம் கிடையாது. ஆளைப் பார்த்ததும் 'நுக்னெஹ்', அதாவது 'என்ன வேண்டும்?' என்பார்கள். அதைப் படித்த இரவே மகன் தன் நோட்டில் இருந்த வணக்கச் சொல்லை அடித்துவிட்டான். அவன் தீவில் எல்லாரும் மீனவர்கள். சந்தித்தால் இனி 'காற்று எந்தப் பக்கம்?' என்றுதான் கேட்பார்களாம்.