"ரேம் கூட்டித் தருகிறோம்" என்று ஸ்வாப் போட்டுத் தருபவர்கள்: காசு கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்

ரூட் செய்த (முழு நிர்வாக அதிகாரம் திறந்துவிட்ட) ஃபோனில் ஸ்வாப் (ரேமில் அடங்காத தரவை ஒதுக்கி வைக்கும் இடம்) போட்டு "2 ஜிபி ரேமை 6 ஜிபி ஆக்குகிறோம்" என்று காசு வாங்குபவர்களிடம் ஃபோனைக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், கொஞ்சம் பொறுங்கள். அப்படி வேலை முடிந்தது என்று திருப்பித் தரப்பட்ட ஒரு ஃபோனை உள்ளே போய்ப் பார்த்ததில் தெரியவந்தவை இவை. வேலை செய்தவர்களின் பெயர் இங்கே வேண்டாம். இதே வேலையை இதே முறையில் செய்பவர்கள் நிறைய இருக்கிறார்கள், முறையைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

ஃபோனின் முகப்பில் ஒரு ஆப், "மொத்த ரேம் 6 ஜிபி" என்று பெரிய எழுத்தில் காட்டியது. அந்த எண்ணை நம்பவே கூடாது. ரேமையும் ஸ்வாப்புக்கு ஒதுக்கியதாக நினைக்கும் இடத்தையும் கூட்டி எந்த ஆப்பும் திரையில் போட்டுவிடலாம். உண்மையைச் சொல்வது ஆண்ட்ராய்டின் மையமான கெர்னல் மட்டும்தான். டெர்மினல் ஆப்பில் ரூட் அனுமதி எடுத்து, ப்ராக் ஃபோல்டரில் இருக்கும் ஸ்வாப்ஸ் ஃபைலைக் கேட் கட்டளையால் படியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ஸ்வாப்புக்கும் ஒரு வரி வரும்: பாதை, வகை, அளவு, பயன்பட்டது, முன்னுரிமை. அளவு கிலோபைட்டில் இருக்கும்.

இந்த ஃபோனில் இருந்தது ஒரே ஒரு வரி. அதுவும் இசட்ரேம் (ரேமுக்குள்ளேயே தரவைச் சுருக்கி வைக்கும் ஸ்வாப்), 1 ஜிபி. அது தயாரிப்பாளரே போட்டு அனுப்பியது! 2013-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4 முதலே ரேம் குறைந்த ஃபோன்களுக்கு இசட்ரேம் பரிந்துரைக்கப்படுகிறது, அதனால் பல ஃபோன்களில் வாங்கும்போதே இருக்கும். அதைக் காட்டியே "பாருங்கள், ஸ்வாப் ஏறிவிட்டது" என்று காசு வாங்குபவர்களும் உண்டு. ஆகவே ஃபோனைக் கொடுப்பதற்கு முன்பே அந்த ஃபைலைப் படித்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அப்படியானால் அவர்கள் போட்ட 4 ஜிபி எங்கே? உள் சேமிப்பில், படங்களும் பாட்டுகளும் இருக்கும் அதே எஸ்டிகார்டு பாதையில், ஒரு பெரிய ஃபைலாகச் சும்மா கிடந்தது. அந்தப் பாதை நேரடியான ஃபைல் சிஸ்டம் இல்லை. நடுவில் ஃபியூஸ் அல்லது எஸ்டிகார்டுஎஃப்எஸ் என்ற அடுக்கு இருக்கிறது. ஸ்வாப் ஃபைல் டிஸ்கில் எந்தெந்த பிளாக்கில் இருக்கிறது என்று கெர்னலுக்கு நேராகத் தெரிய வேண்டும். அந்த அடுக்கு அதைச் சொல்வதில்லை. அதனால் ஸ்வாப்பை ஓட வைக்கும் ஸ்வாப்ஆன் கட்டளை "இன்வேலிட் ஆர்கியுமென்ட்" என்று திரும்பிவிடும். ஆப் அந்தப் பிழையை விழுங்கிவிட்டு 6 ஜிபி என்று காட்டிக்கொண்டிருந்தது. சேமிப்பில் 4 ஜிபி போனதுதான் மிச்சம்.

இதைவிட மோசமானது, அந்த ஆப்புக்கு நிரந்தர ரூட் அனுமதி கொடுக்கப்பட்டிருந்தது. ஆப்கள் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் எஸ்இலினக்ஸும் பெர்மிசிவ் (மீறலைத் தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும்) நிலையில் கிடந்தது. ஆண்ட்ராய்டு 5.0 முதல் முழுமையாக அமலில் இருக்கும் பாதுகாப்பு இது. ஸ்வாப் போடுவதற்காக இதை நிரந்தரமாகத் தளர்த்தி வைக்கத் தேவையே இல்லை. டெர்மினலில் கெட்என்ஃபோர்ஸ் என்று தட்டினால் "என்ஃபோர்சிங்" என்று வர வேண்டும். "பெர்மிசிவ்" என்று வந்தால், ரூட் கிடைத்த எந்த ஆப்பும் மற்ற ஆப்களின் தரவைப் படிக்கத் தடை இன்னும் குறைந்துவிட்டது என்று பொருள்.

புகார் சொன்னதும் இரண்டாவது முறை "சரிசெய்து" கொடுத்தார்கள். இந்த முறை 64 ஜிபி என்று எழுதிய மெமரி கார்டையும் அவர்களே விற்று, அதன் கடைசிப் பகுதியில் 4 ஜிபி ஸ்வாப் பார்ட்டிஷன் போட்டிருந்தார்கள். ஸ்வாப்ஸ் ஃபைலில் புதிய வரியும் வந்தது. ஆனால் ஆப்கள் காரணமே இல்லாமல் மூடிக்கொண்டன, ஃபோன் தானாக ரீஸ்டார்ட் ஆனது. கார்டு போலி. கொள்ளளவு குறைந்த சிப்பின் கன்ட்ரோலரை மாற்றி 64 ஜிபி என்று பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். போலிக் கார்டில் இல்லாத இடம் பொதுவாகக் கடைசிப் பகுதிதான், ஸ்வாப் பார்ட்டிஷனைப் பெரும்பாலும் போடுவதும் அங்கேதான். அங்கே எழுதியது காணாமல் போகும், அல்லது வேறிடத்தில் இருப்பதை அழிக்கும். ஸ்வாப்பிலிருந்து திரும்பி வரும் பக்கம் (நினைவகத்தின் சிறு துண்டு) சரியானதா என்று கெர்னல் சரிபார்ப்பதில்லை. குப்பை வந்தாலும் அப்படியே நினைவகத்தில் வைத்துவிடும். புதுக் கார்டை கணினியில் எஃப்3 அல்லது எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருள் கொண்டு முழுக் கொள்ளளவுக்கும் எழுதிப் படித்துச் சோதிக்காமல் ஸ்வாப்புக்குத் தரவே கூடாது.

அசல் கார்டாக இருந்தாலும் வேகம் ஒரு பிரச்சினை. கிளாஸ் 10 என்பது தொடர்ச்சியாக எழுதும்போது நொடிக்கு 10 எம்பி என்ற உறுதி மட்டும். ஸ்வாப் நடப்பது 4 கேபி பக்கங்களாக, இங்கொன்றும் அங்கொன்றுமாக. ஏ1 முத்திரை உள்ள கார்டு நொடிக்கு 500 முறை எழுதும் என்று உறுதி தருகிறது. 500ஐ 4 கேபியால் பெருக்கினால் நொடிக்கு 2 எம்பிதான். ஏ2 கார்டு 2000 முறை என்கிறது, ஆனால் ஃபோனும் அந்த வசதியை ஆதரித்தால்தான் அது கிடைக்கும். ஃபோன் திணறுவதற்குக் காரணம் இதுதான், "கொஞ்ச நாளில் செட்டாகிவிடும்" என்பது சமாளிப்பு.

ரூட் இல்லாமலே ஸ்வாப் போடுவதாகச் சொல்லும் ஆப்களுக்கு ஒரு பைசாகூடக் கொடுக்காதீர்கள். ஸ்வாப்ஆனுக்கு ரூட் அதிகாரம் கட்டாயம்.

உண்மையிலேயே தேவை என்றால் முதலில் இசட்ரேமைப் பெரிதாக்குங்கள். அது ரேமுக்குள்ளேயே பக்கங்களைச் சுருக்கி வைக்கிறது; பொதுவாக இரண்டு மூன்று மடங்கு சுருங்கும், ஃபிளாஷ் சேமிப்பும் தேயாது. ஃபோன் ஆன் ஆனவுடன், ஆப்கள் நிறையும் முன் செய்வது நல்லது, ஏனென்றால் ஸ்வாப்ஆஃப் கட்டளையால் ஸ்வாப்பை நிறுத்தும்போது அதில் இருப்பவை ரேமுக்குத் திரும்ப இடம் வேண்டும். வரிசை மாறக் கூடாது: ஸ்வாப்ஆஃப், பிறகு சிஸ் பிளாக் இசட்ரேம்0 பாதையில் உள்ள ரீசெட் ஃபைலில் 1 எழுதுவது, பிறகு சுருக்கும் முறை எல்இசட்4, அதன் பிறகே டிஸ்க்சைஸ் (அளவு), கடைசியில் எம்கேஸ்வாப் (ஸ்வாப்பாகத் தயார் செய்யும் கட்டளை), ஸ்வாப்ஆன். டிஸ்க்சைஸ் கொடுத்த பிறகு சுருக்கும் முறையை மாற்ற முடியாது. 2 ஜிபி ஃபோனுக்கு 1 ஜிபி போதும், 1.5 ஜிபிக்கு மேல் போக வேண்டாம்.

அதற்கும் மேல் ஃபைல் ஸ்வாப் வேண்டுமென்றால் டேட்டா பார்ட்டிஷனில் 512 எம்பி. டிடி கட்டளையில் 1 எம்பி பிளாக், எண்ணிக்கை 512, பூஜ்ஜியங்களால் நிரப்பியே உருவாக்குங்கள். ட்ரங்கேட் கட்டளை போட்டு உருவாக்கினால் நடுவில் ஓட்டைகள் இருக்கும், கெர்னல் ஏற்காது. அனுமதி 600. பிறகு எம்கேஸ்வாப், ஸ்வாப்ஆன், முன்னுரிமை இசட்ரேமைவிடக் குறைவாக. டேட்டா பார்ட்டிஷன் எஃப்2எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டமாக இருந்து கெர்னலும் பழையதாக இருந்தால் இது நடக்காது. "ஃபங்ஷன் நாட் இம்ப்ளிமென்டட்" என்று வந்தால் கெர்னலிலேயே ஸ்வாப் வசதி இல்லை, யார் வந்தாலும் கெர்னலை மாற்றாமல் முடியாது. உள் சேமிப்பு தேய்ந்தால் கார்டைப் போல மாற்ற முடியாது என்பதால் 4 ஜிபி என்று அள்ளிப் போடாதீர்கள்.

ரீஸ்டார்ட் செய்தால் இவை எல்லாம் போய்விடும். ரூட் கொடுக்கும் மேஜிஸ்க் ஆப் இருந்தால் டேட்டாவில் ஏடிபி ஃபோல்டருக்குள் உள்ள சர்வீஸ்.டி-யில் 755 அனுமதியோடு ஒரு ஸ்கிரிப்ட் வைக்க வேண்டும். காசு கொடுத்துச் செய்திருந்தால், அவர்கள் கண் முன்னாலேயே இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்து, ஸ்வாப்ஸ் ஃபைலை மறுபடி படியுங்கள். பத்துப் பதினைந்து ஆப்களைத் திறந்த பிறகும் "பயன்பட்டது" பூஜ்ஜியமாகவே இருந்தால் பணம் கொடுக்க வேண்டாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் முதலில் அந்த ஆப்பின் ரூட் அனுமதியை நீக்கிவிட்டு ஆப்பை அழியுங்கள், எஸ்இலினக்ஸை என்ஃபோர்சிங்குக்குத் திருப்புங்கள், வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். கார்டில் ஸ்வாப் ஓடும்போது அப்படியே பிடுங்காதீர்கள். ஸ்வாப்ஆஃப் முடிந்த பிறகே எடுக்க வேண்டும். அதில் ரேமிலிருந்து போன பக்கங்கள் குறியாக்கம் இல்லாமல் கிடக்கும், கடவுச்சொல்லும் இருக்கலாம். திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்பதற்கு முன், அந்தப் பார்ட்டிஷன் முழுவதையும் டிடியால் பூஜ்ஜியம் எழுதி நிரப்புங்கள். போலிக் கார்டில் பழைய பக்கங்கள் வேறிடத்தில் விழுந்திருக்கும் என்பதால், பார்ட்டிஷனோடு நிறுத்தாமல் கார்டு முழுவதையும் நிரப்ப வேண்டும்.