முதலில் வாங்க எந்த அமெரிக்கக் கடிகாரம்: குண்டில் ஓடும் ஓஜீயா, ஸ்பிரிங்கில் ஓடும் ஓக் கடிகாரமா?

பழைய அமெரிக்கக் கடிகாரம் ஒன்றை வாங்கித் தாமே பிரித்துப் பழுதுபார்க்க நினைப்பவருக்கு எளிதில் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று, தொங்கும் குண்டுகளின் எடையால் 30 மணி நேரம் ஓடும் ஓஜீ, அதாவது S வளைவு கொண்ட மரச்சட்டம் பொருத்திய பெட்டிக் கடிகாரம். கனெக்டிகட்டின் பிரிஸ்டலில் 1840-ஐ ஒட்டி, மலிவான பித்தளை இயந்திரம் பொருத்தி சான்சி ஜெரோம் இதை வீடுதோறும் கொண்டுசேர்த்தார். மற்றது, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அன்சோனியா, வாட்டர்பரி, இங்கிரஹாம் ஆலைகள் செய்து குவித்த ஓக் மரச் சமையலறைக் கடிகாரம். இது எட்டு நாள் ஓடும்.

வசதியில் ஓக் கடிகாரமே மேல். ஓஜீ ஏறக்குறைய 26 அங்குல உயரம். தினமும் சாவி கொடுக்க வேண்டும். ஆனால் குண்டு முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் ஒரே விசையில் இழுக்கும். ஸ்பிரிங் அப்படியல்ல, தளரத் தளர விசை குறைவதால் முதல் நாள் ஓட்டமும் ஏழாம் நாள் ஓட்டமும் ஒத்துப்போகாது. வாரத்தில் ஒரே கிழமையில் சாவி கொடுத்தால் பிழை சமன்படும்.

பிரிக்கும்போதுதான் உண்மையான வேறுபாடு. ஓஜீயில் இரு குண்டுகளையும் கழற்றிவிட்டால் இயந்திரத்தில் விசையே இல்லை. ஓக் கடிகாரத்தில் ஸ்பிரிங்கைச் சுற்றி உறை கிடையாது. சுமார் 19 மில்லிமீட்டர் அகலமும் இரண்டரை மீட்டர் நீளமும் கொண்ட எஃகுப் பட்டை திறந்தபடி இருக்கும். விசையை இறக்காமல், சக்கரங்களை இருபுறமும் தாங்கும் தட்டுகளின் நட்டைக் கழற்றினால் விரல் கிழியும், பற்கள் நொறுங்கும். எனவே முதலில் முழுக்கச் சாவி கொடுத்து, இரு ஸ்பிரிங்கிலும் வளையக் கவ்விகளை மாட்ட வேண்டும். பிறகு விசை இறக்கும் சாவியைப் பிடித்துக்கொண்டு, சாவி கொடுத்த ஸ்பிரிங் பின்னோக்கி அவிழாமல் தடுக்கும் பூட்டுநாக்கை விலக்கி, ஸ்பிரிங் கவ்விக்குள் விரியும்வரை மெல்ல விட வேண்டும். தோல் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். இந்த நாக்கின் ரிவெட் தளர்ந்திருப்பது இவ்வகை இயந்திரங்களின் தீராத குறை. ஆடினால் புதிதாக ரிவெட் அடிக்காமல் சாவி கொடுக்கவே கூடாது. ஸ்பிரிங் அறுந்து தெறித்திருந்தால் அடுத்த சக்கரத்தின் கூண்டுப் பினியனையும் (பற்களுக்குப் பதில் கம்பிகள் கொண்ட சிறு சக்கரம்) பாருங்கள், கம்பிகள் வளைந்திருக்கும்.

ஓஜீயில் ஆபத்து கயிறுதான். இற்றுப்போனால் மூன்று பவுண்டு குண்டு அடிப்பலகையைப் பிளந்துவிடும். வாங்கியதுமே இரண்டு கயிற்றையும் மாற்றி, மேலே உள்ள கப்பிகள் தடையின்றிச் சுழல்கின்றனவா எனப் பார்க்க வேண்டும். ஓடாத ஓஜீக்குக் கனமான குண்டு மாட்டுகிறவர்கள் உண்டு. நோய் அங்கே உராய்வு. கூடுதல் எடை, சக்கர அச்சுகள் சுழலும் தட்டுத் துளைகளைத்தான் இன்னும் வேகமாகத் தின்னும். ஸ்பிரிங் கடிகாரத்தில் தடித்த பட்டை போடுவதும் அதே தவறு.

அந்தத் துளைத் தேய்மானம் இரண்டுக்கும் பொது. வட்டம் முட்டையாகிச் சக்கரங்கள் விலகும். அச்சு முனையை முதலில் மெருகேற்றி, துளையைப் பழைய மையத்திலேயே அகட்டிப் பித்தளை புஷ் (துளைக்குள் பொருந்தும் சிறு குழல்) அடிக்க வேண்டும். துளையைச் சுற்றி உளியால் குத்தி நெருக்கிய பழைய வேலை கண்ணில் பட்டால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். குண்டும் ஸ்பிரிங்கும் இல்லாமல் மூட்டி, பெரிய சக்கரத்தை விரலால் லேசாகத் தள்ளினால் கடைசிச் சக்கரம்வரை சுழல வேண்டும். எண்ணெய் அச்சு முனைகளுக்கு மட்டும், ஒரு சிறு துளி. பற்களில் பட்டால் தூசியோடு சேர்ந்து அரைக்கும் பசையாகிவிடும்.

முள் மூன்றைக் காட்ட மணி ஏழு அடித்தால் பயப்பட வேண்டாம். இரண்டிலும் பெரும்பாலும் எண்ணுச் சக்கரம்தான் அடிக்கும் கணக்கை வைத்திருக்கிறது. அடிப்பைத் திறக்கும் கம்பியைத் தூக்கித் தூக்கி விட்டு, எண்ணிக்கை முள்ளோடு சேரும்வரை அடிக்க விடுங்கள்.

தானே கற்க விரும்புகிறவருக்கு எங்கள் தேர்வு ஓஜீ. உள்ளே ஒட்டிய அச்சிட்ட தாள் கிழியாமல் இருக்கிறதா, அதிலுள்ள பெயரும் இயந்திரத் தட்டில் பொறித்த பெயரும் ஒன்றா என்று பார்த்து வாங்குங்கள். பெயர்கள் வேறாக இருந்தால் பெட்டிக்குள் வேறொரு கடிகாரத்தின் இயந்திரம் குடியேறியிருக்கக்கூடும்.