5 லட்சமா, 1 லட்சமா, மாதம் 2,000 ரூபாயா? சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கு எந்த அரசுத் திட்டம் எதற்கு உதவும்

என் மகளுக்கு 11 வயது. மூளை முடக்குவாதம், கூடவே வலிப்பும் உண்டு. பிசியோதெரபி வாசலில் உட்கார்ந்திருக்கும்போது புதிதாக வரும் தாய்மார்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அக்கா, எந்தத் திட்டத்துல சேர்ந்தா நல்லது?" முதலமைச்சர் காப்பீட்டில் 5 லட்சம், நிராமயா என்ற இன்னொரு காப்பீட்டில் 1 லட்சம் என்று சொன்னதும் அவர்கள் முகத்திலேயே முடிவு தெரிந்துவிடும். நானும் அப்படி நினைத்துத்தான் மூன்று வருடம் நிராமயா பக்கம் போகவே இல்லை. அந்த மூன்று வருடம் வீணாய்ப் போனதற்கு இன்றைக்கும் வருந்துகிறேன்.

எங்கள் வீட்டுச் செலவை முதலில் சொல்லிவிடுகிறேன். பிசியோவுக்கு ஒரு முறைக்கு 300 ரூபாய், மாதம் 12 முறை என்றால் 3,600. மருந்துக் கடையில் 1,400. டயப்பர் 1,800. ஆட்டோவுக்கு 1,200. ஆக மொத்தம் மாதம் 8,000 ரூபாய். இதில் ஒரு ரூபாய்கூட மருத்துவமனைக் கட்டிலில் படுத்ததற்கான செலவு கிடையாது. மகள் இந்த 11 வருடத்தில் வார்டில் படுத்த நாட்களை எண்ணினால் 40 தேறும். மற்ற நாளெல்லாம் வீட்டில்தான். திட்டங்களை ஒப்பிடும்போது இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் பெரிய கார்டு. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்து, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று மாறி, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு இந்த வரம்பு 72,000 ஆக இருந்தது. முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர் குடும்பங்களுக்கு வருமான வரம்பே இல்லை. ரேஷன் கார்டில் பெயர் உள்ள மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து ஆண்டுக்கு 5 லட்சம் வரை.

இதன் பெரிய பலம், நாம் கையிலிருந்து எதுவும் கொடுக்க வேண்டியதில்லை என்பது. மருத்துவமனையே ரிப்போர்ட்டுகளை அனுப்பி முன் அனுமதி வாங்கும், சிகிச்சைக்கென்று நிர்ணயித்த தொகை நேராக அவர்களுக்குப் போய்விடும். மகளுக்கு 8 வயதில் குதிகால் தசைநாண் இறுகி, பாதம் தரையில் படியாமல் போனது. அரசு மருத்துவமனையில் இந்தக் கார்டில்தான் அறுவை செய்தோம். அந்த நேரத்தில் கையில் 4,000 ரூபாய்தான் இருந்தது. இந்தத் திட்டம் இல்லாவிட்டால் என்ன செய்திருப்போம் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆறு வயதுக்குள் இருக்கும் காது கேளாத குழந்தைகளுக்கு காக்ளியர் கருவி பொருத்தும் அறுவையும் இதில்தான் வருகிறது. லட்சக்கணக்கில் ஆகும் காரியம் அது. அந்த வீடுகளுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு? தையல் பிரித்ததும் டாக்டர் சொன்னார்: "அறுவை பாதிதான். மீதி பாதி பிசியோ." அந்த மீதிப் பாதிக்குக் கார்டில் இடமில்லை. வெளிநோயாளியாக டாக்டரைப் பார்ப்பதும், அன்றாட மாத்திரையும், வருடக்கணக்கான பயிற்சியும் இதற்குள் வராது. பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள மருத்துவமனையில், பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பட்டியலில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனையில், அனுமதி வருவதற்கு முன்னாலேயே ஸ்கேனுக்கென்று 6,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள். 1800 425 3993 என்ற திட்டத்தின் கட்டணமில்லா எண்ணுக்கு அவர்கள் முன்னாலேயே போன் செய்தேன். அதன்பிறகு பணம் கேட்கவில்லை. இந்த எண்ணை எல்லாரும் போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நிராமயா. இது மாநிலத் திட்டம் இல்லை. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய அறக்கட்டளை நடத்துவது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே என்றால் சேரும்போது 250 ரூபாய், புதுப்பிக்க 50 ரூபாய். மற்றவர்களுக்கு 500, 250. மருத்துவப் பரிசோதனை கேட்க மாட்டார்கள், வயது வரம்பும் இல்லை. நம் பிள்ளைகளைக் கண்டாலே 'ஏற்கெனவே உள்ள நோய்' என்று கதவைச் சாத்தும் தனியார் காப்பீடுகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

1 லட்சம்தான் உச்ச வரம்பு. ஆனால் அந்த 1 லட்சம் நம் வீட்டுக்குள் வருகிறது. வெளிநோயாளிச் செலவு, மருந்து, பரிசோதனை, தெரபி, போக்குவரத்து, அறுவை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரம்பு வைத்திருக்கிறார்கள். எந்த மருத்துவமனையில் பார்த்தாலும் சரி. நான் மேலே எழுதிய மாதச் செலவில் டயப்பரைத் தவிர மற்றதெல்லாம் ஏதாவது ஒரு தலைப்பில் அடங்கும். முழுத் தொகையும் திரும்பக் கிடைக்காது, தலைப்பின் வரம்பு முட்டும். ஆனாலும் வருகிறது.

சிக்கல் என்னவென்றால், முதலில் நாம் செலவழிக்க வேண்டும், பிறகு பில் அனுப்பித் திரும்ப வாங்க வேண்டும். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் 3,000 ரூபாயை முன்னால் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கச் சொல்வது லேசான காரியமா? இந்தத் திட்டத்தில் எனக்கு உள்ள பெரிய குறை இதுதான். மிக ஏழைக் குடும்பத்துக்கு மிகக் குறைந்த கட்டணம் வைத்துவிட்டு, பில் பணத்தை மட்டும் அவர்களையே முன்கூட்டிக் கட்டச் சொல்வது எந்த வகையில் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

என் முதல் கிளெய்ம் திரும்பி வந்தது. தெரபி மையத்தில் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்த ரசீதை அப்படியே அனுப்பியிருந்தேன். இப்போது டாக்டரின் சீட்டில் எந்தப் பயிற்சி, எத்தனை முறை என்று எழுதி வாங்கிவிடுவேன். மையத்தின் பெயரும் முத்திரையும் தேதியும் உள்ள ரசீதாகக் கேட்பேன். சிகிச்சை முடிந்த 30 நாட்களுக்குள் அனுப்பிவிட வேண்டும். அப்புறம், பாலிசி ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. ஜனவரியில் சேர்ந்தால் மூன்று மாதம்கூட முழுதாகக் கிடைக்காது. சேருவதென்றால் ஏப்ரலிலேயே சேர்ந்துவிடுங்கள்.

மூன்றாவது, மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை. மாதம் 2,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். அறிவுசார் குறைபாடு, தசைச் சிதைவு நோய், தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்கள் என்றால் குறைபாட்டின் அளவு 40 சதவீதம் முதல். கடும் பாதிப்பு என்ற பிரிவில் 75 சதவீதம் வேண்டும். பில் கேட்க மாட்டார்கள். டயப்பருக்கென்று தனித் தலைப்பு நான் பார்த்த எந்தத் திட்டத்திலும் இல்லை. இந்த 2,000 மட்டும்தான் அதற்குக் கை கொடுக்கிறது. வருவாய்த்துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தையும் இதையும் சேர்த்து வாங்க முடியாது, இரண்டில் ஒன்றுதான். ஒப்பிட்டால் ஓய்வூதியம் 1,500 ரூபாய். தகுதி இருந்தால் பராமரிப்புத் தொகைக்கே விண்ணப்பியுங்கள்.

தசைச் சிதைவு உள்ள பையனின் அம்மா ஒருவர் நிராமயா படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். அது செல்லாது என்று சொல்லும்போது எனக்கே வாய் வரவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. தசைச் சிதைவும், ஹீமோபிலியாவும், தலசீமியாவும் அதில் உண்டு. நிராமயாவோ 1999இன் அந்த நான்கிலேயே நிற்கிறது. அந்த வீடுகளுக்கு 1 லட்சத்தின் கதவே இல்லை. கார்டும் பராமரிப்புத் தொகையும்தான் மிச்சம். இதைத் திருத்தச் சொல்லிக் கேட்க வேண்டியது நாம் எல்லாரும்தான், அந்த அம்மா தனியாக இல்லை.

மக்களைத் தேடி மருத்துவத்தையும் பலர் கேட்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வருவதுதான் அதன் முதல் வேலை என்றாலும், பிசியோவும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டிலேயே கொடுக்கிறார்கள். எங்கள் தெருவில் படுக்கையில் இருக்கும் ஒரு பெரியவருக்கு அது பெரிய ஆறுதல். வாரம் மூன்று முறை பயிற்சி தேவைப்படும் பிள்ளைக்கு அது மட்டும் போதாது. பிசியோதெரபிஸ்ட் ஊர் ஊராகச் சுற்றித்தான் வர முடியும். 18 வயதுக்குள் என்றால் அரசு மருத்துவமனையோடு சேர்ந்த மாவட்ட இடையீட்டு சேவை மையத்தைப் பாருங்கள். பிசியோ, பேச்சுப் பயிற்சி எல்லாம் அங்கே இலவசம். தூரம்தான் பிரச்சினை. வாரம் ஒரு நாள் அங்கே, இரண்டு நாள் பக்கத்து மையத்தில் என்று பிரித்துக்கொண்ட பிறகு எங்கள் செலவு குறைந்திருக்கிறது.

வலிப்பு மாத்திரை வாங்க மருந்துக் கடைக்கு ஓடுபவர்கள் ஒரு முறை அரசு மருத்துவமனையில் விசாரித்துப் பாருங்கள். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி அனுப்பும் மருந்துகளில் வலிப்புக்கான சோடியம் வால்ப்ரோயேட்டும் உண்டு. காசு இல்லை, பில் இல்லை, கிளெய்ம் இல்லை. டாக்டரிடம் கேட்காமல் கம்பெனியை மட்டும் மாற்றிவிடாதீர்கள், வலிப்பு விஷயத்தில் அது ஆபத்து.

சரி, ஒன்றைத்தான் முதலில் எடுக்க முடியும் என்றால்? யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கைக்கு வந்ததும் பராமரிப்புத் தொகைக்கு விண்ணப்பிப்பேன். அது கிடைக்கத்தான் அதிக நாள் ஆகும். எனக்கு ஏழு மாதம் ஆனது. அறுவை நெருங்குகிறது என்று டாக்டர் சொன்னால் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்றுக்கு நிற்பேன். அறுவைப் பேச்சே இல்லாத, பயிற்சியிலேயே நாள் போகும் பிள்ளை என்றால், ஏப்ரல் பிறந்ததும் நிராமயா. மூன்றும் ஒரே வீட்டில் இருக்கலாம், ஒரே பில்லை இரண்டு இடத்தில் மட்டும் காட்டக் கூடாது. போன வாரம் இதே கேள்வியோடு வந்த ஒரு பெண்ணின் குழந்தைக்கு இரண்டு வயது, ஆட்டிசம். அவளிடம் நிராமயா படிவத்தைக் கொடுத்துவிட்டு, ரசீதுகளைப் போட்டுவைக்க ஒரு ஃபைலும் வாங்கிக் கொடுத்தேன்.