"இயற்கை அழகுப் பொதி" என்ற பெயரில் யாழ்ப்பாணத்தில் விற்பவர்களிடம் கவனம்

கல்யாணம் நிச்சயமான பிள்ளைகள் இருக்கும் வீடுகளைத் தேடிப் பிடித்து விற்கப்படும் ஒரு பொருளைப் பற்றி எழுதுகிறேன். யாழ் நகரில் உள்ள ஓர் அழகு நிலையம் இதை "உணவாலும் மூலிகையாலும் வரும் இயற்கை அழகு" என்று முகநூலில் விளம்பரம் செய்கிறது. எங்கள் வீட்டில் அதற்கு 38,500 ரூபாய் கொடுத்தோம். காசு போனதை விடுங்கள், என் அக்காவின் மகளுடைய முகமும் தலைமுடியும் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

பிள்ளைக்கு இருந்த குறை பெரிதாக ஒன்றுமில்லை. முடி கொஞ்சம் கொட்டியது, வேலைக்கு ஸ்கூட்டியில் போய் வருவதால் முகத்தில் வெயில் கறுப்பு. அங்கே போனதும் முகத்தைக் கைபேசியில் படம் எடுத்துவிட்டு, "உடம்பில் நஞ்சு தேங்கி இருக்கிறது தங்கச்சி" என்று சொல்லியிருக்கிறார்கள். இரத்தப் பரிசோதனை செய்தாயா, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, காலையில் என்ன சாப்பிடுகிறாய் என்ற கேள்வி எதுவும் இல்லை. காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பதிலாகக் கரைத்துக் குடிக்க ஒரு பச்சை மா, படுக்கும் முன் பூச ஒரு கிறீம், "ஊட்டச்சத்து அட்டவணை" என்று ஒரு போட்டோக்கொப்பித் தாள். அந்தத் தாளில் சோறு, பிட்டு, இடியப்பம், முட்டை, மீன், பால் எல்லாவற்றின் மேலும் சிவப்புப் பேனையால் கோடு இழுத்திருந்தார்கள்.

முதலில் முகம் வெளுத்தது உண்மை. கண்டவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். பிறகு கன்னம் சிவந்து, வாயைச் சுற்றிச் சின்னச் சின்னப் பருக்கள் கிளம்பின. வெயிலில் இறங்கினால் எரிவு. கன்னத்துத் தோல் மெலிந்து உள்ளே ஓடும் மெல்லிய இரத்த நாளங்கள் வெளியே தெரிந்தன. வட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் கேட்டபோது வந்த பதில்: "அது நஞ்சு வெளியே வருவது. இப்போது நிறுத்தினால் எல்லாம் வீணாகிவிடும்."

தயவுசெய்து இந்தப் பதிலை நன்றாக நினைவில் வைத்திருங்கள், ஏனென்றால் பிள்ளைகளைப் பிடித்து வைப்பது இதுதான். சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும் ஸ்டீரொயிட் என்ற மருந்து கலந்த கிறீமைப் பூசும்வரை முகம் அமைதியாக இருக்கும், இரண்டு நாள் விட்டால் சிவந்து எரியும், மறுபடி பூசினால் அடங்கும். பூசுகிறவள் என்ன நினைப்பாள்? கிறீம்தான் தன்னைக் காப்பாற்றுகிறது என்று நினைப்பாள். வேலை செய்வதற்கு அடையாளமே வருத்தம்தான் என்று விற்பவரும் சொல்லிவிட்டால், அவள் வைத்தியரிடம் போவதற்கு வழியே இல்லை. அடுத்த டப்பாவை வாங்கத்தான் போவாள்.

அந்தக் கிறீம் டப்பாவை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். மேலே சந்தனமும் கற்றாழையும் படம் போட்ட தமிழ் லேபல். சந்தன வாசமே இல்லை, முத்துப்போல் மினுங்கும் வெள்ளைக் களிம்பு. லேபலின் ஒரு மூலை கிளம்பியிருந்தது. நகத்தால் உரித்தபோது அடியில் வேறொரு லேபல், நமக்கு வாசிக்கத் தெரியாத மொழியில். உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், செய்தவர் முகவரி, சேர்மானப் பட்டியல் ஒன்றும் மேல் லேபலில் இல்லை.

தோல் வைத்திய நிபுணர் முகத்தைப் பார்த்த உடனேயே இது ஸ்டீரொயிட் பூசிய தோல் போல இருக்கிறது என்றார். பாதரசமும் இருக்கக்கூடும் என்று சிறுநீரகப் பரிசோதனைக்கும் எழுதித் தந்தார். அது நல்லபடியாக வந்தது, கடவுள் புண்ணியம். தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கிறது, அதனால்தான் வெளுப்பு. அதே பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கிறது. பூசுகிறவரோடு நிற்பதும் இல்லை. ஆவியாகவும் துவாய், தலையணை உறை வழியாகவும் வீட்டில் இருக்கும் குழந்தைக்கும் போகும். கர்ப்பிணிகள் கிட்டவும் வைத்திருக்கக் கூடாது. அழகுசாதனப் பொருள்களில் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருக்கக் கூடாது என்று அப்போது வரம்பு வைத்திருந்த, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா என்ற உலக உடன்படிக்கையில் இலங்கை 2017 இல் சேர்ந்தது. அப்படியிருந்தும் பெயர் தெரியாத டப்பாக்கள் இங்கே கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. சேர்மானத்தில் "கலோமல்", "மேர்க்குரஸ் குளோரைட்" என்று இருந்தாலும், தங்கம் வெள்ளி நகைகளில் படவிடாதீர்கள் என்று எழுதியிருந்தாலும் அதைத் திறக்கவே வேண்டாம்.

முடியின் கதை வேறு. பொதி தொடங்கும்போது கொஞ்சமாகக் கொட்டிய முடி, பிறகு சீப்பில் கொத்துக் கொத்தாக வந்தது. முடி என்பது புரதம். சாப்பாட்டைத் திடீரென்று வெட்டினால் உடம்பு முதலில் முடிக்குக் கொடுப்பதை நிறுத்திவிடும், ஆனால் கொட்டுவது இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் காரணம் மறந்துபோகும், அல்லது தண்ணீரில் பழி போடுவோம். இரத்தப் பரிசோதனையில் அவளுக்கு இரும்புச்சத்துச் சேமிப்பு மிகவும் குறைந்திருந்தது. முதல் நாளே பார்த்திருக்க வேண்டிய பரிசோதனை அது. அதைக் கேட்காமல் முட்டையையும் மீனையும் வெட்டி விட்டவர்களை ஊட்டச்சத்து ஆலோசகர் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் என்னை வதைக்கிறது. அந்தப் பச்சை மாவின் பைக்கற்றில் "முருங்கை, வல்லாரை, நெல்லி" என்று எழுதியிருந்தது. மூன்றும் இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கிடைப்பவை. வேலியில் நிற்கும் முருங்கைக்கு யாரும் விலையே கேட்பதில்லை. முருங்கை இலை வறையும் சூடை மீன் குழம்பும் சிவப்பரிசிச் சோறும், மேலே கொஞ்சம் தேசிக்காய்ப் புளியும் விட்டால் இலையிலுள்ள இரும்பை உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அந்த இரும்பு குறைவாகவே சேரும், ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடிக்கச் சொல்லி வைத்தியரும் சொன்னார். பிள்ளை பெரியவளானபோது உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்து உடம்பைத் தேற்றிய ஊர் இது. அதே பிள்ளைக்குக் கல்யாணம் என்றவுடன் பட்டினி போட்டு வெளுக்க வைக்க வேண்டும் என்று யார் சொல்லித்தந்தார்கள்? நல்ல சாப்பாடு தோலைத் தெளிவாக வைத்திருக்கும், முடியைத் தாங்கும். பிறந்த நிறத்தை எந்தச் சாப்பாடும் மாற்றாது, மாற்ற வேண்டிய தேவையும் இல்லை.

நான் டப்பாவோடு அந்த நிலையத்துக்குப் போனேன். "அக்கா, அவருக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை, மற்ற எல்லோருக்கும் நன்றாக இருக்கிறது" என்றார் உரிமையாளர். பற்றுச்சீட்டுக் கேட்டேன். காசு வேறொருவரின் தனிப்பட்ட வங்கிக் கணக்குக்குப் போயிருந்ததால் தர முடியாது என்றார். அன்று இரவே முகநூலில் நான் எழுதிய கருத்தை அழித்து, என்னைத் தடுத்தும் விட்டார்கள்.

இப்படி ஒரு கிறீமை நீங்கள் பூசிக்கொண்டிருந்தால் டப்பாவையும் எடுத்துக்கொண்டு தோல் வைத்தியரிடம் போங்கள். நிறுத்தும்போது முகம் மோசமாவது வழக்கம், அந்த நேரத்தில் வைத்தியர் பக்கத்தில் இருக்க வேண்டும். டப்பாவைக் கழுவி ஊற்றவோ வளவில் புதைக்கவோ வேண்டாம். நாங்கள் குடிப்பது சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறி நிற்கும் கிணற்றுத் தண்ணீர், மேலே போடுவது கீழே போய்ச் சேரும். இறுக்க மூடி, பொலித்தீன் பையில் கட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அதுதான் சாட்சியும்.

எந்த வியாபாரியும் வாங்கியவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. அந்தச் சபையின் தொலைபேசி இலக்கம் 1977. பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும், அதனால் நாளைக் கடத்தாதீர்கள். நாங்கள் டப்பாவின் படம், வங்கிப் பரிமாற்றச் சீட்டு, வட்ஸ்அப் உரையாடல், வைத்தியரின் கடிதம் எல்லாவற்றையும் இணைத்துக் கொடுத்திருக்கிறோம். இதே பொதியை வாங்கியவர்கள் உங்களிடம் உள்ளவற்றோடு தனித்தனியாக முறைப்பாடு கொடுங்கள். ஒருவருக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்ற பதிலை அங்கே சொல்ல முடியாது.